சீமைச்சுண்ணாம்பு

செப்டம்பர் 15, ஞாயிறு

இந்த டைரி ஜனவரி மாதம் ஒரு பாத்திரக்கடையில் சும்மா கொடுத்தது. எட்டு மாதமாக எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்கு மூடியாக இருந்தது. இன்று அதற்குப் பதவி உயர்வு.

எழுதி வைக்கும் அளவுக்கு ஒரு விஷயம் நடந்திருக்கிறது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்த என் மகள் சுடர்க்கொடிக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. பரமக்குடியிலேயே, பிலோமினா டீச்சர் நடத்தும் மழலையர் பள்ளியில், கூடத்து நீளச் சுவர் முழுக்க ஒரு படம் வரைய வேண்டும். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கடைப் பெயிண்ட் கூடாது.

"எங்க பிள்ளைக சுவத்தை நக்கும் சுடரு. போன வருசம் ஒருத்தன் ஜன்னலுக்குக் கீழ நக்கி நக்கிச் செங்கலைக் காட்டிட்டான். நீ எதைப் பூசினாலும் அதைத் தின்னா வயித்தால போகக்கூடாது, அம்புட்டுதான்."

ஆகவே மஞ்சள், காவி மண், கடுக்காய் மை, விளக்குக் கரி. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யப் போகிறாளாம். விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகள் சேர வரும்போது சுவர் தயாராக இருக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டில் சுடர் சொன்னாள்: "இந்தச் சுவரு நல்லா வந்துச்சுன்னா இதையே தொழிலா வச்சுக்கிட்டு ஊர்லயே இருந்துருவேன்ப்பா. சொதப்புச்சுன்னா பெங்களூரு. அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு அக்டோபர் பதினாலுக்குள்ள பதில் சொல்லணும்."

பெங்களூரில் செல்போன் விளம்பரங்களுக்குப் பொம்மை போடும் வேலையாம்.

என் மனைவி மங்களேஸ்வரி என்னைப் பார்த்தாள். "நீங்க என்னங்க சொல்றீக?"

"பிள்ளை இஷ்டம். எனக்கு இதில் ஒரு கருத்தும் இல்லை" என்றேன். இட்லி தொண்டையில் மாட்டிக்கொண்டது. மாவு சரியில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

வண்ணம் சுவரில் ஒட்ட கருவேலம்பிசின் வேண்டுமாம். நான் கண்டக்டராக இருக்கும் முதுகுளத்தூர் வண்டி போகிற பாதையெல்லாம் கருவேல மரம்தான். டிரைவர் சேதுராசுவிடம் ஒரு மரத்தருகே நிறுத்தச் சொன்னேன். பயணிகளிடம் "டயர் சூடாயிருச்சு, ஆற விடணும்" என்று அறிவித்துவிட்டு இறங்கினேன்.

திரும்பிப் பார்த்தால் பாதி வண்டி என் பின்னால் இறங்கி, ஆளுக்கொரு மரத்தில் பிசின் நோண்டிக்கொண்டிருந்தது. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஜனங்களுக்குச் சும்மா கிடைக்கிறது என்றால் போதும்.

எனக்கு ஒரு கைப்பிடி தேறியது. முள் ஏறியதுதான் அதிகம்.

செப்டம்பர் 19, வியாழன்

நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, கடுக்காய் குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் தராசை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "ஏப்பா வில்லாயுதம், சில்லறை இல்ல, இறங்கும்போது வாங்கிக்கன்னு இத்தன வருசமா ஊருக்கே கடுக்காய் குடுத்த ஆளு நீ. இன்னைக்கு நீயா வந்து கேட்டு வாங்குற பாரு, காலம்டா சாமி."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் என் வண்டியில் வருகிறவர்கள். அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மை காய்ச்சும் திருநாள். இடித்த கடுக்காயை ஊறவைத்த தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். துரு எங்கள் வீட்டில் பஞ்சமில்லாத பொருள். பழுப்புத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்து, அட்டைக் கருப்பாகிவிட்டது. நான் பத்தாம் வகுப்பு. அதில் அறிவியலில் நான் தேறியது வாத்தியாருக்கே இன்றுவரை விளங்காத அதிசயம். ஆகவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

காய்ச்சியது மங்களத்தின் இரும்பு வாணலியில் என்பது அவள் கோயிலிலிருந்து வந்த பிறகுதான் பிரச்சினையானது.

"அதுல நாளைக்கு நான் என்னத்தைத் தாளிக்க?"

"கருப்பு உளுந்து."

பேசியிருக்கக் கூடாது. சுடர் குச்சியில் மையைத் தொட்டுத் தாளில் ஒரு யானை போட்டாள். ஒரே இழுப்பு. மங்களம் திட்டுவதை நிறுத்திவிட்டு யானையைப் பார்த்தாள். அதற்காகவே இன்னொரு வாணலியைத் தியாகம் செய்யலாம்.

செப்டம்பர் 23, திங்கள்

என் பத்து விரலும் கருப்பு. சோப்பு, சீயக்காய், தேங்காய் நார் எதற்கும் அசையவில்லை. டிக்கெட் கிழிக்கும்போது ஒரு அம்மா கேட்டார்: "எலெக்சன் வந்துருச்சா கண்டக்டரே? பத்து விரல்லயும் மை வச்சிருக்கீக! பத்து ஓட்டா போட்டீக?"

செப்டம்பர் 25, புதன்

பெங்களூரிலிருந்து போன் வந்தது. சுடர் இங்கிலீஷில் சிரித்தாள். இரவு எனக்குத் தூக்கம் இல்லை, ஒரே கொசு. மங்களம் கொசுவே இல்லை என்கிறாள். அவளுக்குக் காது மந்தம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று மஞ்சள். விரலி மஞ்சளை இடித்துக் காய்ச்சி, வடிகட்டி, பிசின் கரைசலில் கலந்தாள் சுடர். ஒரு பலகையில் வெள்ளைப் பூச்சு பூசிக் காயவைத்து, அதன் மேல் மஞ்சளை இழுத்தாள். மாசிமகத்து வெயில் மாதிரி அடித்தது. வீட்டுக்குள்ளே கண் கூசியது.

சுவரில் ஒரு பஸ் வரப்போகிறதாம். சுவர் நீளத்துக்கு ஒரு பெரிய மஞ்சள் பஸ். ஜன்னலெல்லாம் மிருகங்கள். ஏன் பஸ் என்று கேட்டேன். "எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதானப்பா" என்றாள். நான் வெளியே போய் வாசல் குழாயைச் சரிபார்த்தேன். அதில் பழுது ஒன்றும் இல்லை.

எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறாள். புதன்கிழமை லீவு போட்டு, சுவருக்கு அடிப்பூச்சு பூச வேண்டும்.

"சீமைச்சுண்ணாம்பை வாங்கிப் புளியங்கொட்டைப் பசையில குழச்சு ரெண்டு கை பூசிருங்கப்பா. வேற எதுவும் நீங்களா யோசிக்க வேணாம்."

கடைசி வாக்கியம் எதற்கு என்று தெரியவில்லை.

அக்டோபர் 2, புதன்

கடை வாசலில் நின்று யோசித்தேன். சீமைச்சுண்ணாம்பு. ஏன் சீமை? சீமை என்று பேர் வைத்து வந்த எதனால் நமக்கு நல்லது நடந்திருக்கிறது? சீமைக்கருவேலம் வந்தது, எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக் குடித்துவிட்டு முள்ளைக் கொடுத்தது. மகள் செய்வதோ முழுக்க முழுக்க நாட்டுச் சரக்கு. அடியில் மட்டும் சீமைச் சரக்கா? நம் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கிற சுண்ணாம்புக்கு என்ன குறை?

கிளிஞ்சல் சுண்ணாம்பே வாங்கினேன். தண்ணீர் ஊற்றியதும் புஸ்ஸென்று பொங்கியது. அந்தச் சத்தத்திலேயே ஒரு தெம்பு. மூன்று கை பூசினேன், கேட்டதை விட ஒன்று கூட. தோள்பட்டை கழன்றுவிட்டது. சுவரோ, பால் குடித்த பிள்ளையின் வாய் மாதிரி வெள்ளை.

பிலோமினா டீச்சர் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். "வெத்தலைக்குப் போடுறதுதான?" என்றார். ஆமாம் என்றேன். பாஸ்.

அக்டோபர் 3, வியாழன்

சுடர் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். "எம்புட்டு வெள்ளைப்பா! பலகையில கூட எனக்கு இப்படி வரல!"

சரக்கை மாற்றியதை இன்னும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் பெருமை இரட்டிப்பாகும்.

அக்டோபர் 6, ஞாயிறு

கருப்புக் கோடுகள் முடிந்துவிட்டன. முன் சீட்டில் கர்ப்பிணி ஆடு. ஜன்னலோரம் தூங்கி வழிகிற கரடி. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும் இரண்டு குரங்குகள். டிரைவர் காண்டாமிருகம். சேதுராசு பார்த்தால் சண்டைக்கு வருவான். கண்டக்டர் ஒரு யானை, வாயில் விசில், காதுக்குப் பின்னால் பேனா. யானைக்குத் தொப்பையும் உண்டு, சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை.

என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். மூன்றாவது பொத்தான் இல்லை.

"யாரு இது?" என்று கேட்டேன்.

"பொதுவா ஒரு யானைப்பா" என்றாள்.

அக்டோபர் 9, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா என்று டைரியை மூடி மூடித் திறக்கிறேன்.

இன்று பஸ்ஸின் உடம்புக்கு மஞ்சள் அடிக்கும் நாள். மதியமே ஷிப்டு முடிந்து போனேன். சுடர் மிருகங்களையெல்லாம் முடித்துவிட்டாள். "அப்பா, பெரிய பிரஷ்ஷால கோட்டுக்குள்ள மட்டும் நிரப்பிக்கிட்டே இருங்க. அம்மா ரெண்டாவது பானை மஞ்சள் காய்ச்சுது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனாள்.

முதல் இழுப்பு இழுத்தேன். மஞ்சள். அடுத்த இழுப்புக்குப் பிரஷ்ஷைத் தோய்த்துவிட்டுத் திரும்பினால் முதல் இழுப்பு ஆரஞ்சு. பார்த்துக்கொண்டே இருக்கையில் சிவப்பு.

ஈரத்தில் அப்படித்தான் தெரியும், காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே தைரியம் சொன்னேன். அடுத்த இழுப்பும் சிவந்தது. பூச்சு பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கனமாக அப்பினேன். இன்னும் கனமாகச் சிவந்தது. புத்தி உள்ள மனிதன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் முழு பஸ்ஸையும் முடித்தேன்.

சுடரும் மங்களமும் பானையோடு உள்ளே வந்தார்கள். சுடர் பானையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அப்பா, அடியில என்ன பூசினீங்க?"

"சுண்ணாம்பு."

"சீமைச்சுண்ணாம்பா?"

"நாட்டுச் சுண்ணாம்பு. கிளிஞ்சல். அதைவிட ஒசத்தி."

"அப்பா, சீமைச்சுண்ணாம்புன்னா சாக்பீஸ் மாவுப்பா. அது வேற சாமான். சும்மா பேருதான் சுண்ணாம்பு."

மங்களம் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏங்க, மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்ன ஆகும்? நம்ம கல்யாணத்துல இருந்து இவ சடங்கு வரைக்கும் எத்தன ஆரத்தி எடுத்திருக்கு உங்க மூஞ்சிக்கு நேரா! தாம்பாளத்துல செவசெவன்னு இருக்குமே, அது எதுல கரைக்கிறதுன்னு ஒருநாளாச்சும் பாத்தீகளா?"

பார்த்ததில்லை. சட்டையில் சிந்திவிடுமோ என்ற பயத்திலேயே நின்று பழகிவிட்டேன்.

பிலோமினா டீச்சர் வந்தார். திட்டுத் திட்டாகச் சிவந்து, ஒழுகிக் காய்ந்திருந்தது பஸ்.

"சுடரு, கோவிச்சுக்காத. பஸ் ஸ்டாண்டுல வெத்தலை துப்புற மூலை மாதிரி இருக்கும்மா" என்றார். "சுரண்டிப் பூசிக் காய இனி நாளும் இல்ல. வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும் ஏதாச்சும் செய்ய முடியுதான்னு பாரு. இல்லாட்டி ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சு மறைச்சுருவோம்."

அக்டோபர் 10, வியாழன்

சுடர் என்னைத் திட்டவில்லை. "தப்பு என் மேலதான்ப்பா. நான் அடிப்பூச்சைத் தொட்டுப் பாத்திருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இரண்டு தோசை கூடச் சாப்பிட்டிருப்பேன்.

சாயங்காலம் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெங்களூர் நல்ல ஊரு. குளுகுளுன்னு இருக்கும்" என்றேன்.

"ம்" என்றாள்.

சூட்கேஸின் ஒரு சக்கரம் சுற்றவில்லை. கழற்றி எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். கழற்றியாகிவிட்டது. மாட்டத்தான் நேரமில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஷெட்டில் எங்கள் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பழம் அறுத்துக் குங்குமம் தடவும் வேலை என்னுடையது. கையெல்லாம் சாறு. மிச்சப் பழங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பொரியும் சுண்டலுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சுடர் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொடாமல் கிடந்தது அந்த இரண்டாவது பானை மஞ்சள். டீச்சர் ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

சுண்டலைக் கொடுக்கக் குனிந்தவன் தடுமாறிச் சுவரில் கையை ஊன்றினேன். எடுத்தால், சிவப்பு பஸ்ஸின் மேல் பளிச்சென்று மஞ்சளாக என் கை. ஐந்து விரலும், ரேகை உட்பட.

"ஐயோ, மறுபடியும் கெடுத்துட்டேன்" என்று சட்டை நுனியால் துடைக்கப் போனேன்.

"அப்பா! தொடாதீங்க!"

அவள் எழுந்து வந்து என் கையை முகர்ந்தாள். என் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்துப் பிழிந்தாள். சுட்டுவிரலை நனைத்துச் சுவரில் நிதானமாக எழுதினாள்.

அ.

சிவப்பில் மஞ்சளாக எழுந்து நின்றது எழுத்து.

"டீச்சர், போனை வைங்க" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு சுண்டல் தின்றோம். சுண்டல் தீர்ந்து வெகுநேரம் கழித்து 'அ' மெல்ல மெல்லச் சிவந்து, அடுத்த ஆள் எழுத இடம் விட்டு, மறைந்துபோனது. பூச்சுக்குள் இருக்கிற சுண்ணாம்பு எலுமிச்சையைத் தின்றுவிடுகிறதாம். சுடர் விளக்கினாள். எனக்குப் புரிந்த மாதிரியே தலையாட்டினேன்.

"டீச்சர், நாளைக்குப் பிள்ளைகளை நெல்லுலதான எழுத வைப்பீங்க?"

"ஆமா, தட்டுல நெல்லைப் பரப்பி... ஏய் சுடரு!" என்று டீச்சர் அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

அதன்பிறகு சுடர் இரண்டாவது பானையைத் திறந்து, திட்டுகளையெல்லாம் சமன்செய்து பூசினாள். இருட்டுவதற்குள் வெற்றிலை மூலை போய், ஆரத்தித் தட்டின் சிவப்பு வந்துவிட்டது. நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. கேட்டேன், தரவில்லை.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

பள்ளிக்கூட வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அப்பா இடுப்பில் ஏறிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக பஸ்ஸுக்கு முன் வந்தது. சுடர் கிண்ணத்தில் சாறு வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். பிள்ளையின் விரலைப் பிடித்து நனைப்பாள். டீச்சர் கூடவே இழுப்பார். எழுத்து தோன்றியதும் பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தி தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே விளக்கு எரிகிறதா என்று.

டீச்சர் சொன்னபடியே ஒரு பயல் சுவரை நக்கினான். முகம் எட்டுக் கோணலானது. உடனே மறுபடியும் நக்கினான்.

ஒரு தகப்பனார் தானும் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் தாய்மார்களின் வரிசை நின்றது. முன்னால் எழுதியது சிவந்து மறைய மறைய, மேலே புதிதாக எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

மானாமதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளித் தாளாளர் அம்மா சுடரிடம் கேட்டார்: "எங்க ஸ்கூலுக்கும் இது மாதிரியே வேணும்மா. இந்த ஐடியா எப்படி வந்துச்சு?"

சுடர் என்னைப் பார்த்தாள். "அடிப்பூச்சு எல்லாம் எங்க அப்பாதாங்க. மெட்டீரியல் செலக்சன் அவருதான்."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "கெமிஸ்ட்ரியா சார்?"

"கண்டக்டர்" என்றேன்.

மங்களம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சுடரிடம் "அப்ப பெங்களூரு?" என்று கேட்க வாயெடுத்தேன். கருத்தே இல்லாதவன் எப்படிக் கேட்பது? "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். முதுகுவலி. பத்து மணிக்குப் போன் அடித்தது. சுடர் எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனாள். நான் அடுக்களைக்குள் போனேன்.

ஒட்டுக்கேட்பதாக நினைத்துவிடக் கூடாதே என்று மிக்ஸியைப் போட்டேன். மிக்ஸி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினேன். "...தேங்க்யூ, பட்..." என்று கேட்டது. நிறுத்தியது தெரிந்துவிடும் என்று மறுபடியும் போட்டேன். பட்டுக்கு அப்புறம் என்ன என்பது முக்கியம். நிறுத்தினேன். ஒரே அமைதி. பயத்தில் மூன்றாம் வேகத்தில் போட்டேன்.

தோளுக்குப் பின்னால் ஆள் நிற்பது போலிருந்தது. சுடர் எட்டி மிக்ஸியை அணைத்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

ஜாரில் ஒன்றுமே இல்லை.

"என்னப்பா அரைக்கிறீங்க?"

"நீயே சொல்லு" என்றேன்.

அவள் தேங்காய்ப் பத்தை நாலு, பச்சை மிளகாய் இரண்டு, கொஞ்சம் பொட்டுக்கடலை எடுத்து ஜாரில் போட்டாள். "இப்ப அரைங்க. எனக்கும் சேத்து அரைங்க. இனிமே தினமும் மூணு பேருக்குத்தான் அரைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரைத்தேன். சட்னி நன்றாக வந்திருந்ததாக மங்களம் சொன்னாள். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பச்சை மிளகாய் காரம், சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.